இடர் கடக்கும் திறன்

நுழையும் முன்

நீந்தத் தெரியாதவர் ஆழமான நீரைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அவரை எவரும் கோழை என்று பழிப்பதில்லை. நீச்சல் கற்றுக்கொள்ளுமாறே கூறுகின்றனர். இளம்பருவத்தில் எதிர்ப்படும் இடர்களும் இத்தகையனவே. தேர்வில் தோல்வி, நட்பில் பிளவு, புதிய ஊரில் தனிமை, வீட்டில் வறுமை, பிறர் செய்யும் கேலி எனப் பலவும் மாணவரை வருத்துகின்றன. இவற்றை எதிர்கொள்ளும் ஆற்றல் சிலருக்கு மட்டும் பிறவியில் வாய்க்கும் கொடை அன்று. கற்றுப் பழகினால் எவருக்கும் கைகூடும் திறன் அது. அத்திறன் யாது, அதனைப் பெறும் வழி யாது, எந்த இடத்தில் பிறர் துணையை நாடவேண்டும் என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

வளரிளம் பருவம்

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள காலத்தை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என வகுத்துள்ளது. இப்பருவத்தில் உடல் விரைவாக வளர்கிறது. குரலும் தோற்றமும் மாறுகின்றன. பெற்றோரைச் சார்ந்திருந்த பிள்ளை தானாக முடிவெடுக்க விழைகிறது. நண்பர்களின் சொல்லுக்கு மதிப்பு கூடுகிறது. 'பிறர் என்னைப் பற்றி என்ன நினைக்கின்றனர்?' என்னும் வினா ஓயாமல் எழுகிறது.

மூளையின் வளர்ச்சியும் இதற்கு ஒரு காரணமாகும். சினம், அச்சம், மகிழ்ச்சி முதலிய உணர்வுகளைத் தூண்டும் பகுதிகள் இப்பருவத்தில் மிகுந்த விரைவுடன் செயற்படுகின்றன. ஆனால் விளைவை எண்ணிப் பார்க்கவும் உணர்வை அடக்கவும் உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. ஆதலால் சிறிய சொல்லும் பெரிய காயமாகத் தோன்றலாம். கணநேரச் சினத்தில் எடுத்த முடிவு நெடுநாள் வருத்தலாம். இது குணக்கேடு அன்று. வளர்ச்சியின் ஒரு நிலை. இதனை அறிந்த மாணவர் தம்மைத் தாமே வெறுக்கமாட்டார். தம்மைப் பழக்கிக்கொள்ள முற்படுவார்.

பழந்தமிழர் கண்ட பயிற்சி

துன்பத்தில் உள்ளம் தளராதிருத்தலைப் பயிற்சியாகக் கருதும் பார்வை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 63ஆவது அதிகாரம் 'இடுக்கணழியாமை' என்பதாகும். வள்ளுவர் இதனைத் துறவியர்க்குரிய பகுதியில் வைக்கவில்லை. பொருட்பாலில், நாடாளும் தலைவனுக்குரிய பண்புகளைக் கூறும் அரசியல் என்னும் இயலின் 25 அதிகாரங்களுள் இறுதி அதிகாரமாக வைத்துள்ளார். கல்வி அதிகாரத்திற்கும் இந்த இயலிலேயே இடம் தந்துள்ளார். இதற்கு முந்தைய அதிகாரம் முயற்சியைக் கூறும் 'ஆள்வினையுடைமை' ஆகும். கற்க வேண்டியவை, முயல வேண்டியவை ஆகியவற்றின் வரிசையில் துன்பத்திற்குத் தளராமையும் இடம்பெறுகிறது. பெங்களூருவின் அல்சூர்ப் பகுதியில் 2009ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலர். அச்சிலைக்குரியவர் சொன்ன செய்திகளுள் அவர்கள் வயதுக்கு மிகவும் வேண்டியது இதுவே எனலாம்.

பத்து வாழ்க்கைத் திறன்கள்

அன்றாட வாழ்வின் தேவைகளையும் அறைகூவல்களையும் திறம்பட எதிர்கொள்ள உதவும் ஆற்றல்களை உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் எனக் குறிப்பிடுகிறது. 1990களில் அந்நிறுவனம் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க பத்துத் திறன்களைத் தொகுத்துத் தந்தது. அவற்றை ஐந்து இணைகளாக நினைவிற் கொள்ளலாம்.

1. தன்னறிவும் ஒத்துணர்வும்: தன் வலிமையையும் குறையையும் அறிதல், பிறர் நிலையில் தன்னை வைத்து உணர்தல்.
2. ஆய்வுச் சிந்தனையும் படைப்புச் சிந்தனையும்: கேட்டதை அப்படியே ஏற்காமல் ஆராய்தல், புதிய வழி காணல்.
3. முடிவெடுத்தலும் சிக்கல் தீர்த்தலும்: விளைவுகளை எண்ணித் தெரிவு செய்தல், சிக்கலைப் பகுத்துத் தீர்வு தேடல்.
4. கருத்துப் பரிமாற்றமும் உறவு பேணலும்: எண்ணியதைப் பிறர் மனம் புண்படாமல் தெளிவாகக் கூறல், நல்லுறவுகளை வளர்த்தல்.
5. மன அழுத்தத்தைக் கையாளலும் மனவெழுச்சியைக் கையாளலும்: நெருக்கடியில் தளராதிருத்தல், சினம், துயரம் முதலியவற்றை உணர்ந்து நெறிப்படுத்தல்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் இத்திறன்களைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கான கையேடுகளை வெளியிட்டுள்ளது. கணக்கும் அறிவியலும் போல இவையும் கற்றுத் தேர வேண்டியவை என்பதே இதன் பொருள்.

பெங்களூரு காட்டிய மாற்றம்

மனநலம் பற்றிய எண்ணம் காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதற்குப் பெங்களூருவில் உள்ள ஒரு நிறுவனத்தின் வரலாறே சான்றாகும். ஓசூர்ச் சாலையில் அமைந்துள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் 'நிம்ஹான்ஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இதன் தொடக்கம் 1847ஆம் ஆண்டு அமைந்த மனநோயாளர் காப்பகமாகும். அக்காலத்தில் மனநலம் குன்றியோரை ஊரிலிருந்து பிரித்து வைப்பதே பெரிதும் வழக்கமாக இருந்தது. 1954ஆம் ஆண்டு இங்கு அகில இந்திய மனநல நிறுவனம் உருவாகி, மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் பயிற்சி அளித்தது. 1974ஆம் ஆண்டு மருத்துவமனையும் பயிற்சி நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. 2012ஆம் ஆண்டு இது நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாகச் சட்டத்தின் வழி அறிவிக்கப்பட்டது.

காப்பகமாகத் தொடங்கிய இந்நிறுவனம் பின்னர்ப் பள்ளிகளையும் நாடிச் சென்றது. நோய் வந்தபின் மருந்து தருவது மட்டும் போதாது. நோய் வருமுன் இளையோரின் மனத்தை உறுதிப்படுத்த வேண்டும் என இதன் மருத்துவர்கள் கருதினர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான வாழ்க்கைத் திறன் பயிற்சிகளை வகுத்தனர். அவற்றை வகுப்பில் நடத்தும் முறையை ஆசிரியர்களுக்குக் கற்பித்தனர். அறிவுரை கூறுவதற்கு மாறாகக் குழு உரையாடல், நடித்துக் காட்டல், விளையாட்டு ஆகியவற்றின் வழியே திறன்களை வளர்ப்பது இப்பயிற்சிகளின் சிறப்பாகும். நீச்சலைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டு ஒருவர் நீந்தக் கற்பதில்லை. நீரில் இறங்கியே கற்கிறார். இப்பயிற்சிகளும் அவ்வாறே அமைந்தன.

திறன்கள் செயற்படும் விதம்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தந்தையின் பணி மாறுதலால் மதுரையிலிருந்து பெங்களூரு வந்து எட்டாம் வகுப்பில் சேரும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பேருந்திலும் கடையிலும் கன்னடம் ஒலிக்கிறது. வகுப்புத் தோழியர் தமக்குள் இந்தியில் பேசிச் சிரிக்கின்றனர். தன்னைக் குறித்தே சிரிக்கின்றனர் என அவள் எண்ணுகிறாள். உணவு இடைவேளையில் தனியே அமர்கிறாள். கணக்குப் பாடத்தில் மதிப்பெண் குறைகிறது. வீட்டில் தாய் கேட்கும்போதெல்லாம் "ஒன்றும் இல்லை அம்மா" என்கிறாள்.

இவளுக்கு 'தைரியமாக இரு' என்னும் அறிவுரை பயன் தராது. சிக்கலைப் பகுத்துப் பார்க்கும் பழக்கமே பயன் தரும்.

முதற்படி, உணர்வுக்குப் பெயர் இடுதல். 'எனக்கு எதுவும் பிடிக்கவில்லை' என்பது தெளிவற்ற கூற்று. 'பழைய தோழியரைப் பிரிந்ததால் வருந்துகிறேன். மொழி புரியாததால் அஞ்சுகிறேன். மதிப்பெண் குறைந்ததால் வெட்கப்படுகிறேன்' என எழுதினால் ஒரு பெருஞ்சுமை மூன்று சிறு சுமைகளாகப் பிரிகிறது.

இரண்டாம் படி, எண்ணத்தைச் சோதித்தல். தோழியர் தன்னைக் குறித்தே சிரிக்கின்றனர் என்பதற்குச் சான்று யாது? வேறு காரணம் இருக்க இயலாதா? இது ஆய்வுச் சிந்தனை. எண்ணம் வேறு, உண்மை வேறு எனப் பிரித்தறிவதால் பாதி அச்சம் நீங்கும்.

மூன்றாம் படி, மாற்ற இயல்வதையும் இயலாததையும் பிரித்தல். தந்தையின் பணி மாறுதலை அவளால் மாற்ற இயலாது. நாள்தோறும் ஐந்து கன்னடச் சொற்களைக் கற்பது அவள் கையில் உள்ளது. பக்கத்து இருக்கைத் தோழியிடம் கணக்கில் ஐயம் கேட்பதும் அவள் கையில் உள்ளது. ஐயம் கேட்பதே நட்பின் தொடக்கமாகவும் அமையலாம்.

நான்காம் படி, ஒருவரிடமேனும் சொல்லுதல். தாய், ஆசிரியர், பள்ளி ஆலோசகர், மூத்த உறவினர் ஆகியோருள் நம்பத்தக்க ஒருவரைத் தேர்ந்து மனம் திறத்தல் வேண்டும். 'ஒன்றும் இல்லை' என்னும் சொல் பெற்றோரின் கவலையைக் குறைப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது உதவி வரும் வழியை அடைத்துவிடுகிறது.

இந்நான்கு படிகளால் அவளது துன்பம் ஒரே நாளில் மறையாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் சிறிது குறையும். குறைந்ததைத் தானே கண்டறிவதே தன்னம்பிக்கையின் விதை.

மாலதி ஹொள்ளா

திறனும் துணையும் இணைந்தால் விளையும் பயனுக்குப் பெங்களூருவின் மாலதி ஹொள்ளா வாழும் சான்று ஆவார். 1958ஆம் ஆண்டு பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். உடல் செயலிழந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அளிக்கப்பட்ட சிகிச்சையால் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி மட்டும் வலிமை பெற்றது. பின்னர் ஏறத்தாழ 15 ஆண்டுகளைச் சென்னையில் உள்ள ஓர் எலும்பு நல மையத்தில் கழித்தார். அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சைகள் 30க்கும் மேற்பட்டவை. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடிய வயதில் அவர் பெற்றோரைப் பிரிந்து, வலியோடு வாழ்ந்தார்.

கால்களின் நிலையை மாற்ற இயலாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் தோள்களுக்கும் கைகளுக்கும் பயிற்சி தருவதைக் கைவிடவில்லை. சக்கர நாற்காலி ஓட்டம், குண்டு எறிதல், வட்டு எறிதல், ஈட்டி எறிதல் ஆகிய போட்டிகளில் ஈடுபட்டார். 1988ஆம் ஆண்டு சியோலிலும் 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவிலும் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். நாட்டிலும் வெளிநாடுகளிலும் பல நூறு பதக்கங்களை வென்றார். வங்கி ஒன்றில் பணியாற்றிக்கொண்டே இவ்வளவும் செய்தார். 1995ஆம் ஆண்டு அர்ச்சுனா விருதும் 2001ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் இவரை வந்தடைந்தன.

இவ்வரலாற்றைப் படிப்போர் பதக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்தல் கூடாது. எல்லாரும் பதக்கம் வெல்ல வேண்டும் என்பது இதன் கருத்தன்று. சிகிச்சைக்குப் பின் எஞ்சிய வலிமை எது என அவர் கண்டறிந்தார். அதனை நாள்தோறும் வளர்த்தார். அதனினும் முக்கியமானது, அவர் தனியே போராடவில்லை என்பது. பெற்றோர், மருத்துவர், நண்பர் எனப் பலரது கைகள் அவருக்குத் துணை நின்றன. அத்துணையைப் பெற்றவர், பின்னர் நண்பர்களுடன் இணைந்து பெங்களூருவில் 'மாத்ரு' என்னும் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அது தங்குமிடமும் கல்வியும் மருத்துவ உதவியும் அளிக்கிறது. உதவி பெறுவது இழிவன்று. உதவி பெற்ற கையே ஒருநாள் உதவும் கையாகிறது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

தாங்கக் கூடாதவை

எல்லா இடர்களும் மாணவர் தம் திறனால் தீர்க்கத்தக்கவை அல்ல. தேர்வு அச்சமும் நண்பருடன் பிணக்கும் பழகிக் கடக்கத்தக்கவை. ஆனால் தொடர்ந்து இழிவுபடுத்தும் கேலி, சாதியையோ மொழியையோ நிறத்தையோ சுட்டிய வசை, அடி, உடலைத் தவறாகத் தொடுதல், கைபேசி வழி மிரட்டல் ஆகியவை பொறுத்துப் போக வேண்டியவை அல்ல. இவற்றில் தவறு செய்தவர் வேறொருவர். துன்புற்ற பிள்ளை மீது எந்தக் குற்றமும் இல்லை. இவற்றைத் தடுப்பது பெரியோரின் கடமை. பெரியோருக்குத் தெரிவிப்பதே மாணவர் செய்ய வேண்டியது. பாலியல் கொடுமைகளிலிருந்து 18 வயது நிரம்பாத பிள்ளைகளைக் காக்க 2012ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது. இடரில் உள்ள குழந்தைகள் 1098 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

மனத்துயரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கம் கெடுதல், பசி குன்றுதல், விருப்பமான விளையாட்டும் வெறுத்தல், காரணமின்றி அழுகை வருதல் ஆகியவை தோன்றினால் தேர்ந்தவர் உதவி தேவை. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போன்றதே மனத்துயரத்திற்கு ஆலோசகரை நாடுவது.

இதற்கெனவே 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையை இந்திய அரசு பெங்களூருவில் தொடங்கியது. நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையமாக விளங்குகிறது. 14416 என்னும் எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் செவிமடுப்பர். துயரைச் சொல்லத் தாய்மொழியினும் ஏற்ற மொழி இல்லை. வேற்று மாநிலத்தில் வாழும் மாணவரும் தம் மொழியிலேயே மனம் திறக்க இச்சேவை வழி செய்கிறது.

நண்பரின் கடமை

வகுப்பில் ஒருவர் திடீரெனப் பேச்சைக் குறைத்தால் அதனை முதலில் அறிபவர் பெரும்பாலும் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பரே. அந்நண்பர் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து, இடைமறிக்காமல் கேட்டாலே போதும். 'இதற்கெல்லாமா அழுவது?' என்னும் சொல் கதவை மூடிவிடும். 'நான் கேட்கிறேன், சொல்' என்னும் சொல் கதவைத் திறக்கும்.

நண்பர் கூறியவற்றைப் பிறரிடம் பரப்பாமை நட்பின் அறம். ஆயினும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. 'வாழவே விருப்பமில்லை' என்றோ, யாரோ தம்மைத் துன்புறுத்துவதாகவோ நண்பர் கூறினால், அம்மறையைக் காத்தல் தகாது. யாரிடமும் சொல்லாதே என அவர் வேண்டினாலும், அன்றே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தெரிவித்தல் வேண்டும். நண்பர் சில நாள் சினக்கலாம். அச்சினம் ஆறும், உயிர் காக்கப்படும். வாக்கை மீறியதாக அன்று வருந்தும் மனம், நட்பைக் காத்ததாகப் பின்னர் உணரும்.

சொல்லும் பொருளும்

இடுக்கண் – துன்பம்
ஆள்வினை – முயற்சி
அறைகூவல் – எதிர்கொள்ள வேண்டிய கடினமான நிலை
ஒத்துணர்வு – பிறர் நிலையில் தன்னை வைத்து உணர்தல்
விழைதல் – விரும்புதல்
பிணக்கு – மனவேறுபாடு
மறை – வெளியே சொல்லாத செய்தி

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வளரிளம் பருவம் என்பது யாது?
2. 'இடுக்கணழியாமை' திருக்குறளின் எந்தப் பாலில், எந்த இயலில் இடம்பெற்றுள்ளது?
3. டெலி மானஸ் சேவை எப்போது, எங்குத் தொடங்கப்பட்டது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வளர்ச்சி, மனநலம் பற்றிய எண்ணம் மாறியதை எவ்வாறு காட்டுகிறது?
2. மாலதி ஹொள்ளாவின் வாழ்வில் 'மாற்ற இயல்வதும் இயலாததும்' எவை?
3. நண்பரின் மறையைக் காத்தல் எப்போது தகாது? ஏன்?

இ. பிரித்து எழுதுக.
மனவெழுச்சி, தன்னறிவு, அந்நிறுவனம்

ஈ. வகுப்பறைச் செயல்பாடு
நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிக. பாடத்தில் வரும் மாணவி, அவளுடைய தாய், வகுப்புத் தோழி, ஆசிரியர் ஆகியோராக நடித்து, அவள் முதன்முறையாக மனம் திறக்கும் உரையாடலை நிகழ்த்துக. கேட்பவர் கூறிய எந்தச் சொல் அவளுக்கு உதவியது என்பதைக் குழுவில் கலந்துரையாடி எழுதுக.